துரை முன்னால் உட்காராதவர்

என் மாமியார் அங்கம்மா திட்டத் தொடங்கினால் யாரைத் திட்டுகிறார் என்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடிக்கும். துரையில் தொடங்குவார், கங்காணிக்குப் போவார், ஜோகூர் பாரு ஆபீசுக்குப் போவார், கடைசியில் எதிரே வெற்றிலை மென்றுகொண்டிருக்கும் என் மாமனாரிடம் வந்து நிற்பார். "எல்லாம் இந்த மனுசனால வந்தது" என்று முடிப்பார். மாமனார் ஐயாசாமி பதில் பேச மாட்டார். நான் மருமகளாக வந்த புதிதில் இதை எல்லா வீட்டிலும் நடக்கிற புருஷன் பெண்டாட்டி சண்டை என்றுதான் நினைத்தேன். முழுக்கதையும் தெரிந்த பிறகு எனக்கும் ஆத்திரம் வந்தது. ஆனால் அது மாமனார்மேல் வந்த ஆத்திரம் இல்லை.

ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆள் குறைத்து, வேண்டாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த முப்பதுகளில் மலாயாவில் நடந்தது இது. செடெனாக் ஸ்டேஷனில் இறங்கிச் செம்மண் பாதையில் உள்ளே போனால் வரும் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் இருவருக்கும் வேலை. அங்கம்மா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார். ஐயாசாமி ஸ்டோரில் இருந்தார். காய்ந்த ரப்பர் ஷீட்டுகளைப் பெட்டியில் அடுக்கி, ஆணி அடித்து, லாரியில் ஏற்றுகிற வேலை. இரண்டு பேர் பிடிக்க வேண்டிய பெட்டியைத் தனியாளாகத் தூக்கிப் போடுவாராம். மாமியார் இதைச் சொல்லும்போது மட்டும் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்க்கும்.

அவர்கள் இருவரும் ஊரை விட்டு வந்த விதம் வேறு. அங்கம்மா விவரம் தெரியாத வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டு, விவரம் தெரிவதற்குள் தாலி அறுத்தவர். அவர்கள் சாதியில் மறுகல்யாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுத்த தெரு ஐயாசாமியோடு ஒருநாள் நாகப்பட்டினத்துக்கு வந்து கப்பலேறினார். ஏழாங்கட்டை மாரியம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு ஏறியது. ஊரில் அவர் தாலியறுத்தவள். இங்கே ஐயாசாமி பெண்டாட்டி, கைக்குழந்தைக்குத் தாய். திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழுத்தில் இருப்பதை அறுத்து எறிந்துவிட்டுத்தான் பிறகு பேசுவார்கள். இருவர் வீட்டிலும் அவர்களுக்குத் தலைமுழுகியாயிற்று என்று ஊரிலிருந்து வந்த ஆட்கள் சொல்லியிருந்தார்கள்.

அடிபட்டது ஒரு மழைக்காலத்தில். லாரிக்கு ஏறும் பலகை நனைந்து வழுக்கியது. மேலே போன பெட்டி சறுக்கி வந்து ஐயாசாமியை லாரிச் சக்கரத்தோடு வைத்து இடுப்பில் நசுக்கிற்று. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கே மருந்து போடுகிற டிரெஸ்ஸர் அழுத்திப் பார்த்து, எலும்பு முறியவில்லை, அதிர்ஷ்டக்காரன் என்றார். வீக்கம் வடிந்தது, தோல் கன்றிப்போனது ஆறியது, வேலைக்குப் போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். வலி மட்டும் போகவில்லை. இடுப்பில் கிளம்பித் தொடை வழியாகக் குதிகால் வரை இழுக்கும். நின்றால் இழுக்கும், குனிந்தால் உயிர் போகும். உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும்.

காயம் இருந்தால் காட்டலாம். காட்ட ஒன்றும் இல்லாத வலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஸ்டோரில் பெண்கள் உட்கார்ந்தபடி ஷீட்டில் ஒட்டிய அழுக்கைக் கத்தரித்து எடுப்பார்கள். அந்த வேலையாவது கொடுங்கள் என்று செல்லப்பன் கங்காணியிடம் கேட்டார். "பொம்பள வேலையா கேக்குற? சேலையும் வாங்கித் தரட்டுமா?" என்றார் கங்காணி. புல்வெட்டில் போட்டு, பாதி நாள்தான் முடிகிறது என்று அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி, போட்டார்கள். நடிக்கிறான் என்று லயத்து வரிசை வீடுகளில் நாலு பேர் பேசினார்கள். பேசியவர்களில் இரண்டு பேர் அவரே பெட்டி தூக்கப் பழக்கிய ஆட்கள்.

நடக்க வசதியாக ஐயாசாமி ஒரு கம்பு வெட்டிக்கொண்டார். அதிலும் ஒரு வம்பு வந்தது. தோட்டத்தில் துரை எதிரே வந்தால் தோளில் இருக்கிற துண்டை எடுத்துவிட வேண்டும், குடையை மடக்க வேண்டும், சைக்கிளில் போகிறவன் இறங்க வேண்டும். கம்பு பிடிக்கிற பாத்தியதை கங்காணி ஒருவருக்குத்தான். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசை கட்டி நிற்கும்போது செல்லப்பன் அவரைப் பார்த்து, "என்னடா ஐயாசாமி, உன்னையும் கங்காணி ஆக்கிட்டாங்களா? எனக்கு ஒருத்தரும் சொல்லலியே" என்று கேட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு துரையோ கங்காணியோ வரும் சத்தம் கேட்டாலே கம்பு எங்காவது புல்லுக்குள் போய்விடும்.

இந்த நிலையில்தான் அரசாங்க லேபர் ஆபீஸ் துரை தோட்டத்தைப் பார்வையிட வந்தார். கூட ஜோகூர் பாருவிலிருந்து அவருடைய கிளார்க் சிற்றம்பலம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை. துரைமார் பங்களாவில் தேத்தண்ணீர் குடிக்கப் போன சமயம், அவர் குழாயடியில் கால் கழுவ வந்தார். அங்கம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே போய் மறித்துக்கொண்டார்.

"ஐயா, வேலையில அடிபட்டா சட்டம் இருக்குன்னு சொல்றாங்களே, அது வலிக்கும் உண்டா, இல்ல கை கால் போனாத்தானா?"

சிற்றம்பலம் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குடையை மடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். அவர் நல்ல மனிதர் என்று மாமியாரே ஒப்புக்கொள்வார். அவர் வாயிலிருந்து நல்லவர் என்று பேர் வாங்குவது எளிதல்ல.

"இஞ்சை பாருங்கோ அம்மா" என்றார். "தோட்டத்துத் துரை ஏதோ கொஞ்சம் தாறன் எண்டு கைநாட்டுக் கேட்டால் வைக்க வேண்டாம். வைச்சால் அதோடை கதை முடிஞ்சுது. பிறகு இடுப்பு நோ கூடினாலும் ஒண்டும் கேக்க ஏலாது. கோட்டுக்குப் போகலாம்தான், ஆனால் அதுக்கு லோயர் வைக்க வேணும். உங்களாலை முடியாது. உங்களுக்கு உள்ள வழி, எங்கடை துரைக்கு மனுக் குடுக்கிறதுதான். அவர் அரசாங்க டாக்குத்தரிட்டை அனுப்புவார். நோ மெய்தான் எண்டு டாக்குத்தர் எழுதினால் நட்டஈடும் கேக்கலாம், குந்தியிருந்து செய்யிற வேலையும் கேக்கலாம்."

அங்கம்மாவுக்கு உயிர் வந்தது. அவர் திரும்பி ஓடப் போனபோது சிற்றம்பலம் மறுபடி கூப்பிட்டார்.

"ஒண்டை மட்டும் மறக்காதையுங்கோ. நோ இருக்கு, பாரம் தூக்க ஏலாது எண்டு சொல்ல வேணும். வேலையே செய்ய ஏலாது எண்டு மட்டும் வாய் தவறியும் சொல்லக் கூடாது. சொன்னால் உடம்புக்கு ஏலாதவன் எண்டு எழுதிக் கப்பலிலை ஏத்தி விட்டுடுவினம். லயத்து வீடும் போயிடும்."

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? சட்டம் அவர்களுக்கு வைத்திருந்த இடம் அவ்வளவு ஒடுக்கம். கொஞ்சம் குறைத்துச் சொன்னால் பெட்டி தூக்கு என்பார்கள். கொஞ்சம் கூட்டிச் சொன்னால் கப்பலேறு என்பார்கள். வலியை அளந்து சொல்ல வேண்டும். நோகிற மனிதனால் அளந்து நோக முடியுமா என்று அந்தச் சட்டம் எழுதியவர்களை எனக்குக் கேட்க வேண்டும் போலிருக்கும்.

மனுப் போட்டதும், ஆபீசிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். ரயிலேறி ஜோகூர் பாரு போனார்கள். டாக்டர் துரையின் ஆபீஸ் வாசலில் படிகள் இருந்தன. சொல்ல வேண்டியதை ஐயாசாமி வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார். ஆனால் படிக்குக் கீழே வந்ததும், யாரும் சொல்லாமலே, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். கம்பை அங்கம்மாவிடம் கொடுத்தார். நிமிர்ந்து உள்ளே போனார்.

அங்கம்மாவும் அதை வாங்கிக்கொண்டார். அவருக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. துரை முன்னால் கம்போடு போவதா? அதைவிட வேட்டி இல்லாமல் போகலாம்.

ஜன்னல் வழியாக அங்கம்மா பார்த்தார். டாக்டர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். மொழிபெயர்க்க வந்திருந்த சிற்றம்பலம் அதைத் தமிழில் சொன்னார். ஐயாசாமி உட்காரவில்லை. "இருக்கட்டுங்க தொரை" என்று கைகட்டி நின்றார். டாக்டர் ஏதோ எழுதினார். பழைய தாள்களைப் புரட்டினார், வெளியே போய் யாருடனோ பேசிவிட்டுத் திரும்பி வந்தார். அத்தனை நேரமும் இவர் நின்றார். குனி என்றார்கள், குனிந்தார். இன்னும் என்றார்கள், இன்னும் குனிந்தார். துரை சொன்னால் செய்யாமல் இருப்பதா? பல்லைக் கடித்ததில் தாடை எலும்பு துருத்தியது அங்கம்மாவுக்கு ஜன்னலிலிருந்து தெரிந்தது. டாக்டர் முதுகுப் பக்கம் நின்றார்.

வலிக்கிறதா என்று கேட்டார்கள்.

"கொஞ்சங்க தொரை" என்றார் ஐயாசாமி. பெரிய மனிதர் முன்னால் ஐயோ அப்பா என்று கத்துவது மரியாதை இல்லையாம்.

வெளியே வந்து கடைசிப் படியில் கால் வைத்ததும் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். வேர்வை தண்ணீராகக் கொட்டியது. அங்கம்மா முந்தானையால் துடைத்துவிட்டுக்கொண்டே கேட்டார். "எல்லாம் சொல்லிட்டீங்களா?" அவர், "எல்லாம் மரியாதையா நடந்துச்சு" என்றார்.

டாக்டர் எழுதியதைச் சிற்றம்பலம் பிறகு சொன்னார். துணையில்லாமல் நடந்து வந்தான். உட்காரச் சொல்லியும் மறுத்து நின்றான். நன்றாகக் குனிகிறான். வலி கொஞ்சம் என்று அவனே சொல்கிறான். முழு வேலைக்குத் தகுதி. இதில் பொய் என்று ஒரு வரியைக் கூடக் காட்ட முடியாது. எனக்கு வயிறு எரிவதே அதனால்தான்.

அடுத்த நாளே செல்லப்பன் அவரை மறுபடி பெட்டி தூக்கப் போட்டார். "டாக்டரு தொரையே சொல்லிட்டாரு லா, இனிமே என்ன நொண்டி சாக்கு?" அந்த நாட்களில் ஐயாசாமி வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே குப்புறப் படுத்துவிடுவாராம். அங்கம்மா இடுப்பில் சுடு மணல் ஒத்தடம் கொடுப்பார். பெட்டியின் மறுமுனையை யாராவது தாங்கிக்கொள்வதால்தான் நாள் ஓடியது. அது எத்தனை நாளைக்கு?

அங்கம்மா விடவில்லை. சிற்றம்பலத்திடம் மறுபடி போனார். லேபர் துரையே நேரில் விசாரிக்கும்படி இன்னொரு மனுக் கொடுக்கலாம் என்றார் அவர். "ஆனால் இந்த முறை கம்போடை வர வேணும். இருக்கச் சொன்னால் கதிரையிலை இருக்க வேணும். நொந்தால் நோகுது எண்டு வாய் விட்டுச் சொல்ல வேணும். உங்கடை ஆளுக்கு அது வருமோ?"

வராது என்று அங்கம்மாவுக்குத் தெரியும். ஆகையால் பழக்கினார். சொன்னால் சிரிப்பு வரும். லயத்து அறையில் சாமான் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து நாற்காலி ஆக்கினார். தலையில் அலுமினியச் சட்டியைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு தானே துரையாக நின்றார்.

"யேய் ஐயாசாமி, வந்து உக்காரு மேன்!"

ஐயாசாமி பாதி உட்காருவார், எழுந்துவிடுவார். சட்டித் தொப்பிக்கே எழுந்து நிற்கிறவரை என்ன செய்வது? "இந்த ஜென்மத்துல உங்களுக்கு உக்கார வராதா?" என்று அங்கம்மா கத்துவார். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். அடிபட்ட பிறகு ஐயாசாமியும் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதானாம். போகப் போக உட்காரப் பழகினார். நோகிற இடத்தில் அங்கம்மா விரலால் அழுத்தி, "கத்துங்க" என்பார். முதலில் முனகினார். பிறகு ஒருநாள் அழுத்தும்போது நிஜமாகவே அலறிவிட்டார். அலறியவர் அதோடு நிறுத்த முடியாமல் அழுதார். அங்கம்மா பயந்து சட்டியைக் கழற்றி வைத்துவிட்டுக் கூட உட்கார்ந்து அழுதார்.

இரண்டாம் விசாரணைக்கு அங்கம்மாவையும் உள்ளே விட்டார்கள். லேபர் துரைக்குத் தமிழ் தெரியும். புத்தகத்தில் படித்த தமிழ். ஐயாசாமி கம்பை ஊன்றி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்று நீ நின்றாய்" என்றார் துரை. "குனிந்தாய். வலி கொஞ்சம் என்றாய். இன்று கோல் ஊன்றி வருகிறாய். இவற்றில் எது மெய்?"

ஐயாசாமி சிற்றம்பலத்தைத் திரும்பிப் பார்த்தார். சிற்றம்பலம்தான் இங்கிலீஷில் சொன்னார். தோட்டத்து ஆள் துரை முன்னால் உட்கார மாட்டான், கம்பு பிடிக்க மாட்டான், அன்று கம்பு வாசலில் இந்தப் பெண்ணின் கையில் இருந்தது என்று சொல்லியிருப்பார் போல. துரை பேனாவைக் கீழே வைத்தார். ஐயாசாமியை நன்றாகப் பார்த்தார்.

"பயப்படாதே. உன் வலியைப் பற்றி நீயே சொல்" என்றார். குரலில் இரக்கம் இருந்ததாம்.

அந்த இரக்கம்தான் கெடுத்தது. அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. டிரெஸ்ஸர் கேட்கவில்லை, கங்காணி கேட்கவில்லை, டாக்டர் கேட்கவில்லை. ஐயாசாமி சொல்லத் தொடங்கினார். முதலில் மெதுவாக, பிறகு மடை திறந்த மாதிரி. நிற்க முடியாதது, படுக்க முடியாதது, பிள்ளையைத் தூக்க முடியாதது எல்லாம் வந்தன. சிற்றம்பலம் கண்ணைக் காட்டினார். அங்கம்மா பின்னாலிருந்து இருமினார். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"என்னால ஒரு வேலையும் முடியலீங்க தொரை" என்று அழுதார். "ஒண்ணுமே முடியலீங்க."

துரை நம்பினார். முழுக்க நம்பினார். "பாவம்" என்று தமிழில் சொன்னார். "இந்த நிலையில் நீ தோட்டத்தில் துன்பப்படக் கூடாது. வேலை செய்ய இயலாதவன் என்று நான் எழுதுகிறேன். உனக்கும் உன் மனைவிக்கும் பிள்ளைக்கும் கப்பலில் இடம் கொடுப்பார்கள். நட்டஈடும் வாங்கித் தருகிறேன். ஊரில் உன் சுற்றத்தார் உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்." பேனாவை எடுத்து மைக்கூட்டில் தொட்டார்.

ஐயாசாமி திரும்பி அங்கம்மாவைப் பார்த்தார். பிறகு எழுந்தார். கம்பைத் தொடாமல் எழுந்தார்.

"தொரை, எழுதாதீங்க. நான் சொன்னது பொய்யிங்க."

துரை நிமிர்ந்தார்.

"வலி இல்லீங்க. லேசான வேல கெடைக்குமேன்னு நடிச்சேன். பெட்டி தூக்குறேனுங்க. முழுப் பேரு வேல செய்வேனுங்க." சொல்லிவிட்டு, தான் உட்கார்ந்திருந்த கனத்த மர நாற்காலியை இரண்டு கையாலும் இடுப்புக்கு மேல் தூக்கி, சுவர் ஓரமாகக் கொண்டுபோய் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

துரையின் முகம் சிவந்துவிட்டது. தன் இரக்கத்தை ஒரு கூலியாள் ஏமாற்றி வாங்கிவிட்டான் என்ற கோபம். மனுவின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "போ வெளியே" என்றார். சிற்றம்பலம் வாசல் வரை வந்தார். "இனி இதைத் திறக்க ஏலாது, தெரியும்தானே" என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஐயாசாமி ஸ்டோரில்தான் இருந்தார். வருஷக்கணக்கில் பெட்டி தூக்கினார். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துபோனது. வலிக்கவில்லை என்று அரசாங்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறதே, அப்புறம் யாரிடம் போய்ச் சொல்வது?

நான் ஒருநாள் மாமியாரைக் கேட்டேன். "ஒங்களுக்காகத்தான மாமா அப்படிச் சொன்னாங்க? அதுக்குப் போயி இத்தன வருசமா அவரயே திட்டுறீங்களே?"

மாமியார் எரிந்து விழுந்தார். "என்னடி தெரியும் உனக்கு? அந்தத் தொரை எழுதப் போறப்ப நான் சரின்னு சொல்ல வாயத் தொறந்துட்டேன். போறோம் தொரை, கப்பல் ஏத்துங்கன்னு. தாலிய அறுத்தா அறுத்துட்டுப் போறானுங்க, இந்த மனுசன் இனிமே பெட்டி தூக்காம கெடப்பாருல்ல? வார்த்த இங்க வந்துருச்சுடி, தொண்டைக்கு. ஒரு நிமிசம் பொறுத்திருந்தாருன்னா நான் சொல்லியிருப்பேன். அதுக்குள்ள எந்திரிச்சுட்டாரு. அவசரக்காரரு!"

மாமனார் எதிரே இருந்தார். வழக்கம்போல் பேசாமல்தான் இருப்பார் என்று நினைத்தேன்.

"நீ வாயத் தொறந்தத பாத்துத்தானே எந்திரிச்சேன்" என்றார்.